நூற்றெண்பது பைகள்

என் அண்ணன் மருமகளுக்கு வீட்டில் எறும்பு என்றுதான் பேர். அத்தனை சுறுசுறுப்பு. குறைந்த கட்டண விமானக் கம்பெனி ஒன்றில், விமானத்துக்குள் கூட்டித் துடைக்கிற வேலை. அந்த வேலையில் இருந்த எட்டுப் பெண்களில் இவள்தான் மூத்தவள். இன்னொருத்தி இவள் நாத்தனார், அதாவது என் அண்ணன் மகள். புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கு வந்தவளை எறும்புதான் கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டிப் போனாள். எட்டுப் பேரும் ஒப்பந்தக் கூலி. கம்பெனி ஆளாக வேண்டும், அது ஒன்றுதான் ஆசை.

எதிர்க் கம்பெனிக்காரன் டிக்கெட் விலையை இன்னும் இறக்கிவிட்டான். இவர்களோ இருக்கிற விமானத்தையே நாளுக்கு ஆறு தடவைக்குப் பதில் ஏழு தடவை பறக்கவிடப் பார்த்தார்கள். தரையில் நிற்கிற விமானம் தண்டச்சோறு என்பாராம் மேனேஜர். கடிகாரமும் கையுமாக ஒரு வாரம் இவர்கள் பின்னாலேயே அலைந்தார்.

"நேரமெல்லாம் எங்கம்மா போகுது?"

"பையிலதான் சார். சீட்டு முதுகுல தொங்குதே, நூத்தியெண்பது பை. ஒவ்வொண்ணுலயும் கையை விட்டுத் துழாவணும். பழத்தோல், எச்சில் பேப்பர், டயப்பர்கூட இருக்கும். அது மட்டும் இல்லைன்னா பன்னெண்டு நிமிஷ வேலை அஞ்சுல முடியும்."

"பையைக் கழட்டிட்டா டயப்பரை எங்க வைப்பாங்க அண்ணி? சார் சட்டைப் பையிலயா?" என்றாள் நாத்தனார். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எறும்பு விடவில்லை. "ஏழு தடவை பறந்தா எங்களைக் கம்பெனி ஆளாக்குவீங்களா சார்?"

"பார்க்கலாம்மா."

முதலில் ஆறு விமானத்தில் பையைக் கழற்றினார்கள். அஞ்சு நிமிஷம் என்று சொன்னவள் நாலரையில் முடித்தாள். கம்பெனி நாலு புது விமானம் வாங்கப்போகிறது என்று டிவியில் வந்தது. "எனக்கு ஜன்னலோர சீட்டு போட்டு வைம்மா" என்று நான்கூடக் கேலி செய்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டுப் பேரையும் கூப்பிட்டார்கள். நாத்தனார் இனிப்புப் பொட்டலத்தோடு போனாள். மேனேஜர் சிரித்த முகமாகச் சொன்னாராம்: பை இல்லாததால் குப்பையை இனிமேல் விமானப் பணிப்பெண்களே வாங்கிக்கொள்வார்கள், கூட்டுவதும் அவர்களே. ஏழு பேருக்கு இன்றோடு வேலை கிடையாது. பிறகு எறும்பிடம் திரும்பினாராம்.

"நீங்க மட்டும் இருங்கம்மா. உங்களைக் கம்பெனி ஆளாக்கியாச்சு. மத்த ஊர் விமானத்துலயும் பையைக் கழட்டப் போறோம். நீங்க போய் நேரத்தைக் குறிச்சுட்டு வரணும்."

அந்த மனுஷன் ஏமாற்றுக்காரரும் இல்லை. நல்லது செய்ததாகவே நினைத்தார்.

மத்தியானம் இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி வீட்டுக்குள் வந்தார்கள். "நான் போகலை. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்றாள் எறும்பு.

"பைத்தியமா அண்ணி உனக்கு? ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா உலை வைக்க அரிசி எங்கிருந்து வரும்? சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க."



வியாழக்கிழமை எறும்பு வேறு ஊர் விமான நிலையத்துக்குப் போனாள். சாயங்காலம் போன் வந்தது.

"சின்ன மாமா, இங்க பத்துப் பேர் இருக்காங்க. வேகமா முடிச்சா எங்களையும் கம்பெனி ஆளாக்குவாங்களா அக்கான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"



"நாலு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க சின்ன மாமா."