தக்காளி நிறக் கூடை

எங்கள் மன்சினி ஊர்ச் சந்தையில் கெட்சிவேயிடம் கூடை வாங்குகிறவர்களுக்கெல்லாம் இது தெரிந்த கதை. கற்றாழை நாரைச் சாயத்தில் முக்கிப் பின்னிய சிவப்புக் கூடையை அவள் தக்காளிக் கூடை என்பாள். 'போவானா' என்பது அவள் மாமனார் பெயர். சிவப்புக்கு எங்கள் பேச்சில் போவு. ஒரு வீட்டு மருமகள் மாமனார் பெயரை மட்டுமல்ல, அந்த ஓசை ஒட்டிய எந்தச் சொல்லையும் வாயில் எடுக்கக் கூடாது. பத்தொன்பது வருஷமாக அவள் எடுக்கவில்லை.

"கிழவர் செத்தே பத்து வருஷமாச்சு. இன்னும் என்னடி தக்காளி?" என்பாள் பக்கத்தில் மாவுக்கல் யானைப் பொம்மை விற்கும் சோட்வா.

"செத்தா பேரு மாறிடுமாக்கா?"

இவ்வளவு மரியாதை காட்டியவளை அந்த வீடு மருமகளாக்கிக்கொண்டதா என்றால், இல்லை. எங்கள் வழக்கப்படி புருஷன் வீட்டார் விடியலில் மாட்டுத் தொழுவத்தில் நிறுத்திச் செங்காவி பூசினால்தான் மனைவி. புருஷன் ந்துமிசோ "அடுத்த குளிர்காலம் பாத்துக்கலாம்" என்றே காலத்தை ஓட்டினான். இவளும் கேட்கவில்லை. அந்தக் காவிக்குப் பெயர் லிபோவு. வாய்விட்டுக் கேட்டால் மாமனார் பெயர் வந்துவிடும். சுற்றி வளைத்துக் கேட்க வெட்கம். இப்படியும் ஒரு கூத்து.

ஐந்து வாரத்துக்கு முன் ந்துமிசோ செத்துப்போனான். காவி பூசாதவளுக்கு விதவை உடுத்தும் கறுப்புத் துணி கிடையாது என்று சொல்லி அவளை விருந்தாளிகளோடு உட்காரவைத்தார்கள். தாய்வீட்டில் அண்ணன் ஒதுக்கித் தந்த அறையிலிருந்து, பழைய பூப்போட்ட கவுனோடு அவள் சந்தைக்கு வந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கறுப்பைக் காணாமல் குழம்பி, கூடை விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். சோட்வாகூடக் கேலியை நிறுத்திவிட்டாள். சுற்றிலும் அத்தனை இரைச்சல் இருந்தும் அவளிடம் பேச ஆள் இல்லை. அழுவதற்குக்கூட உரிமை கேட்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

போன வியாழக்கிழமை நாத்தனார் தெமாசி வந்தாள். கையில் துணி மூட்டை. கெட்சிவே அந்த மூட்டையையே பார்த்தாள். மனம் இளகிக் கறுப்பைக் கொடுத்தனுப்பிவிட்டார்களா? கறுப்பு கட்டினால் சந்தைப் பக்கம் வரவே முடியாது, பிழைப்பு போகும். போனால் போகட்டும் என்று இருந்தது.

"கெட்சிவே," என்றாள் தெமாசி. அண்ணி என்று அழைத்த வாய்தான். "உன் பாயும் துணியும். வீட்டைக் கழுவினோம், கெடந்துச்சு."

கெட்சிவே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தெமாசிக்கும் சங்கடம்தான்; பேச்சை மாற்ற ஒரு கூடையைத் தொட்டாள்.

"இந்தத் தக்காளில பெருசு இருக்கா?"

"போவுதானே? இருக்கு," என்றாள் கெட்சிவே. "போவுல பெருசும் இருக்கு, சின்னதும் இருக்கு."

சோட்வாவின் கை யானைமேல் அப்படியே நின்றது. தெமாசி முகம் கறுத்தாள்.

"என்ன பேச்சு பேசுற நீ? எங்கப்பா பேரு அது. ஒரு மருமக பேசுற பேச்சா இது?"

"எந்த மருமக?" கெட்சிவே குரலை உயர்த்தவில்லை. "நான் யாரு உங்களுக்கு, உங்கப்பா பேருக்குப் பயப்பட?"

தெமாசி கூடையிலிருந்து கையை எடுத்தாள். கூட்டத்தில் புகுந்து போய்விட்டாள்.

சோட்வா எழுந்து வருவதற்குள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கடைமுன் வந்து நின்றார்.

"அந்தக் கூடை என்ன நெறம்மா? கண்ணாடி கொண்டாரல."

"போவு, சார்," என்றாள் கெட்சிவே.

நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பத்தொன்பது வருஷம் காத்த சொல் இவ்வளவு சுலபமாக வெளியே வந்ததே என்றுதான், ஐந்து வாரமாக அழாதவள் வாத்தியார் முன்னாலேயே அழுதாள்.