மஞ்சள் தண்ணீர் தெளித்த கார்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம், மரக்காணத்தில் நடந்தது. செய்யூர் போய்விட்டு மதியம் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையை ஒட்டி உப்பளம். அந்த வெயிலில் பாத்திகள் பக்கம் திரும்பவே முடியாது, கண்ணுக்குள் கண்ணாடித்தூளைக் கொட்டினது போலிருக்கும். அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒருவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“சார், நிறுத்துங்க சார்! அண்ணன் பாத்தியிலயே விழுந்துட்டாரு. மூச்சு இருக்குது சார்.”

விழுந்தவரை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். உப்பு வாருகிறவர். நான்கு பேர் தூக்கி வந்து பின் சீட்டில் கிடத்தினார்கள். உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டியது. ஓடி வந்து கையாட்டிய தம்பிக்காரர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வழியில் இரண்டு முறை வாந்தி. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோனேன். அட்மிஷன் போட்டு, டிரிப்ஸ் ஏறி, “இனிமே பயமில்ல” என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கிளம்பினேன். தம்பிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

இதுவரை நான் நல்லவன்.

வீட்டுக்கு வந்து கார் கதவைத் திறந்ததும் என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் மகளுக்காக வானூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாக இருந்தது. “இந்த வண்டியிலயா போறது?” என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் விட்டு வந்தவருடைய மனைவிக்குப் போய்த் தகவல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தம்பி போன் பண்ணியிருப்பார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு குளிக்கப் போனேன். தம்பியின் போன் அண்ணனைத் தூக்கும்போது உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது எனக்குத் தெரியாது.

காலையில் வாசலில் வைத்துக் காரை மொத்தமாகப் பிரித்தேன். உப்புத் தண்ணீர் ஊறின சீட்டு லேசில் காயாது. வெயிலில் வெள்ளை பூக்கும், கடல்காற்று பட்டதும் மறுபடி ஈரமாகிவிடும். அடியில் இருக்கிற இரும்பையும் தின்றுவிடும். அதனால் ஸ்பானர் போட்டு சீட்டுகளைக் கழற்றி வெளியே எடுத்தேன். கால் மேட்டுகளை உருவிச் சோப்புப் போட்டேன். வெந்நீரில் ஷாம்பு கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, பழைய பனியனால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஏசி இடுக்குகளைப் பல் விளக்கும் பிரஷ்ஷால் குடைந்தேன். கை வலிக்க வலிக்க ஒரு வெறி வந்தது. உப்புக்கு அவ்வளவு தேய்க்க வேண்டியதில்லை.

கடைசியில் என் மனைவி ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். வேப்பிலையால் தொட்டு உள்ளே தெளித்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிணம் ஏற்றி வந்த வண்டியை உள்ளும் புறமும் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் மறுபடி எடுப்பார்கள்.

நிமிர்ந்தபோது கேட்டுக்கு வெளியே அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் காய்ச்சல் குழந்தை. இரவெல்லாம் தூங்காமல் காத்திருந்து, என்னிடம் விசாரிக்க வந்தவர். சீட்டுகளைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். குழந்தையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, எஞ்சாமி போயிட்டாரா!”

“இல்லம்மா, நல்லா இருக்காரு. நான்தான் சேர்த்துட்டு வந்தேன்” என்று ஓடினேன்.

“பொய் சொல்லாதீங்க சார். உசுரோட இருக்கறவருக்கு எதுக்கு மஞ்சத்தண்ணி?”

என் மனைவி சொம்போடு உள்ளே போய்விட்டாள். வாங்க, இப்பவே கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று சொல்ல, கார் என்று அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தகரக் கூடும், வாசலில் கவிழ்ந்து கிடந்த சீட்டுகளும்தான். அவர் பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பிறகு சொன்னார்கள், புதுச்சேரி வரை மாரில் அடித்துக்கொண்டே போனாராம். அதற்குள் அவர் குடியிருந்த தெருவில் சாவுப் பந்தலுக்குக் கழி நட்டுவிட்டார்கள்.

வார்டில் அவர் கணவர் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர் தன் சாவுக்கு நட்ட கழிகளைப் பார்த்துச் சிரித்தாராம். “பிடுங்காதீங்கடா, என்னைக்கா இருந்தாலும் ஆவும்.” நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் சிரித்த முகமாகவே பேசினார். அவர் மனைவி மட்டும் பழத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்காளு செத்து அந்த வண்டிய கழுவியிருந்தீங்கன்னா சார், எனக்குக் கோவமே வந்திருக்காது.”

ஐப்பசியில் ஒரு நாள், மழையில் நனைந்தபடி சாலையோரம் நடந்து போய்க்கொண்டிருந்தார் நான் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். உள்ளே குனிந்து சீட்டைப் பார்த்தார். “வேணாம் சார், ஈரமா இருக்கேன். அப்புறம் உங்களுக்குத்தான் வேலை.” கிண்டல்கூட இல்லை அந்தக் குரலில், நிஜமான அக்கறை. நானே கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியவன் என்று ஊர் இன்றும் என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலையே அவர் உயிரோடிருக்கும்போது அவரை என் காரிலிருந்து தேய்த்துக் கழுவிவிட்டேன் என்பதை எங்கள் இரண்டு வீடுகள்தான் இன்னும் மறக்கவில்லை.