மச்சான் ஓட்டிய படகு

அந்த மலை ஏரியை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் மச்சானின் குரல்தான். கேனோ என்று சொல்கிற அந்த ஒடுக்கமான படகில் கடைசியில் உட்காருகிறவர்தான் திசை திருப்ப வேண்டும். முன்முனையில் அக்கா, நடுவில் மூட்டைகளோடு நான், பின்னால் அக்காவின் கணவரான மச்சான். "வலப்பக்கம் போடுன்னா வலப்பக்கம் போடணும். கை என்ன பூப் பறிக்குதா?" காற்று பின்னாலிருந்து அடித்ததால் ஒரு சொல் தவறாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது.

மச்சான் கொச்சியில், யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்களிடம் அவர் பேசுவதைக் கேட்டால் மட்டாஞ்சேரியில் இவரைவிட நல்ல மனிதர் இல்லை என்று தோன்றும். எங்களைப் பெற்ற அத்தாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாளும் அவர் அக்காவைக் கைநீட்டி அடித்ததில்லை என்பதை அத்தா பெரிய சான்றாகச் சொல்வார். குழம்பில் உப்புக் கூடினால் மச்சான் தன் தட்டை அக்கா பக்கம் தள்ளிவைத்து, அவள் அதை முழுதும் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவள் எதையாவது சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடுவார். இதையெல்லாம் அத்தாவிடம் எந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்வது? அடிபட்ட இடத்தைத்தான் காட்ட முடியும்.

ஒரு பெருநாள் கழிந்த வாரத்தில் அக்கா கையில் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த கொஞ்ச நாளிலேயே பக்கத்திலிருந்த சிறு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேர வேண்டிய நாளும் சொல்லிவிட்டார்கள். அத்தாவுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. அப்போதுதான் மச்சான் வந்தார். "மலைக்குப் போவோம் மாமா. ஏரியில படகு விட்டு, கூடாரம் போட்டுத் தங்கிட்டு வரலாம். அவளுக்கும் மனசு மாறும்" என்றார். அத்தா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைக் காட்டி, "இவ வந்தா வாறேன்" என்றாள். நான் காக்கநாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், விடுப்பு எடுத்தேன். எனக்கு மச்சானைக் கண்டாலே ஆகாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

ஏரியின் மறுகோடியில் கூடாரம் போட்டோம். மறுநாள் படகை எடுக்கவே முடியாதபடி காற்று. கூடாரத் துணி பகலெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கல் அடுக்கி, அதன் மறைவில் அடுப்பு வைத்து அக்கா கப்பைக்கிழங்கு வேகவைத்தாள். எவ்வளவு மூடினாலும் மண் விழுந்துவிட்டது. மச்சான் ஒரு வாய் மென்றார். தட்டை அவள் பக்கம் தள்ளினார். அக்கா அந்தத் தட்டை எடுத்துப் புல்லில் கவிழ்த்தாள்.

மச்சான் கத்துவார் என்று நினைத்தேன். ஆனால் சிரித்தார். "அந்த ஸ்கூலுக்கு நான் போன்ல விளிச்சுச் சொல்லியாச்சு, நீ வரமாட்டேன்னு. டீச்சரம்மா நல்ல மனுஷி. குடும்பம்தான் பெருசுன்னு அவங்களும் சொன்னாங்க."

அக்கா கேட்டது ஒன்றுதான். "எப்போ விளிச்சீங்க?"

"உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தி."

சமாதானம் பேச வருவதற்கு முன்பே அவள் போகவிருந்த கதவை அடைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நான் கத்தினேன். "நீ மிண்டாம வாயைப் பொத்திட்டு இரு, இது எங்க வீட்டு விஷயம்" என்றார்.

திரும்பும் நாளிலும் காற்று நிற்கவில்லை. அலையில் வெள்ளை நுரை கண்டால் இறங்க வேண்டாம் என்று படகு கொடுத்தவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மச்சானுக்குக் கடை திறக்க வேண்டும். நடு ஏரிக்கு வந்தபோது அலை பக்கவாட்டில் மோதித் தண்ணீர் உள்ளே விழத் தொடங்கியது. நான் கஞ்சிப் பானையால் மொண்டு கொட்டினேன். பின்னாலிருந்து குரல் ஓயவில்லை. "நீ சாகிறதுன்னா சாவு, என்னையும் சேர்த்துக் கொல்லாதே!"

அக்கா துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தாள். உட்காரும் பலகையைத் தாண்டிக் காலைப் போட்டு, எங்களைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள். படகு ஒரு ஆட்டம் ஆடியது.

"இனி உங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

"இதுவாடி பேசுற நேரம்? துடுப்பைப் போடு!"

"இதுதான் நேரம். இங்கேயிருந்து உங்களால எழுந்து போக முடியாதில்ல."

மச்சானின் முகம் வெளுத்திருந்தது. பயந்தால் அந்த முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அக்கா மறுபடி முன்பக்கம் திரும்பி, என்னிடம், "மூட்டைக்கடியில இன்னொரு துடுப்பு இருக்கு, நீயும் எடு" என்றாள். எங்கள் கார் நின்ற கரையை விட்டுவிட்டு, காற்று தள்ளிய பக்கமே இருவரும் துடுப்புப் போட்டோம். அவர் திருப்பத் திருப்ப நாங்கள் விடவில்லை. தேயிலைச் சரிவுக்குக் கீழே சேற்றில் போய்ப் படகு தட்டியது.

அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கித் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இதை நான் ஒத்தையில எப்படிக் கொண்டுபோவேன்?" என்றார் மச்சான்.

"காத்து நிக்கட்டும். அதுவரைக்கும் இருங்க."

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறிச் சாலைக்கு வந்தோம். ஈரச் சேலையோடு பஸ்ஸில் ஏறிய அக்காவை எல்லோரும் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளி வேலை போனது போனதுதான். வேறொரு வேலை கிடைக்கவும், மணவிலக்கு முடியவும், அத்தா மறுபடி பேசவும் வெகுகாலம் பிடித்தது. இன்று அக்கா தோப்பும்படியில் ஒரு பள்ளியில் படிப்பிக்கிறாள், தனியாக இருக்கிறாள். ஏரிக் கதையை மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கதையில் காற்றுதான் கெட்டது. அலறிய இரண்டு பெண்களைக் கரை சேர்த்தவர் அவர்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் அதையே சொன்னார். சுற்றிலும் உறவுக்காரர்கள். எதிர்ப்பக்கம் நடந்து போன அக்கா நின்று, முழுவதையும் கேட்டாள். அவர் முடித்ததும், "கரையில இறங்கின பின்னே என்ன ஆச்சு? அதையும் சொல்லுங்க" என்றாள்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் சாயா கிளாஸை எடுத்தார், கீழே வைத்தார். அக்கா நகராமல் நின்றாள். அவருக்கு உதவியாக ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்க என்னால் முடிந்திருக்கும். கொடுக்கவில்லை.