அம்மா நீட்டிய பாதி

பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன பிறகு அம்மாவால் கோவிலுக்கு வர முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் சின்ன வட்டச் சிமிழில் ஒரே ஒரு நற்கருணை அப்பத்தை வைத்து, சட்டைப் பையில் பத்திரப்படுத்தி, மன்னார்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நானே கொண்டுவருவேன். எங்கள் பங்குக் கோவிலில் ஃபாதருக்கு உதவியாக மக்களுக்கு நன்மை, அதாவது இந்த அப்பம், கொடுக்க நியமிக்கப்பட்ட நான்கு பேரில் நானும் ஒருவன். மற்ற நாட்களில் பொன்மலை ரயில்வே பட்டறையில் வெல்டிங் வேலை.

அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான் இல்லை, அக்காதான். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி தினமும் காலையில் வந்துவிடுவாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவது எல்லாம் அவள். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் ஆள் இருக்க முடியாது. அக்கா வராவிட்டால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அக்காவுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ராஜகோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்தவரை விரும்பி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் பெருமாள் பக்தர். அப்பா அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தியவர், சாகும்வரை பேசவில்லை. கோவிலில் நடக்காத கல்யாணம் என்பதால் அக்கா நன்மை வாங்கக்கூடாது என்பது சட்டம். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள். எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். நான் பீடத்தின் முன்னால் பாத்திரத்தோடு நின்றுகொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தார். ஜெபம் சொன்னேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அவரால் முழு அப்பத்தை விழுங்க முடியாது. வழக்கம்போல இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்தேன். மீதிப் பாதியை நான் உட்கொள்ள வேண்டும். அதுதான் முறை. அதற்குள் அம்மா நல்ல கையை நீட்டி, சிமிழிலிருந்த அந்தப் பாதியை எடுத்துவிட்டார். கட்டிலின் மறுபக்கம் துண்டோடு நின்றிருந்த அக்காவைப் பார்த்து நீட்டினார்.

“இந்தா... உனக்கு” என்றார். நாக்கு குழறினாலும் அது தெளிவாகக் கேட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். தடுக்க வேண்டியது என் பொறுப்பு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அப்படியே நின்றிருப்பாள். வாங்கிக்கோ என்று சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை. நான் இரண்டையும் சொல்லவில்லை. அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. கீழே விழுந்துவிடுமோ என்று பயந்தேன். அக்கா குனிந்து வாயைத் திறந்தாள். அம்மா ஊட்டிவிட்டார். அக்கா கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நடந்தது பாவமா? பாவம் என்றால் யாருடையது? நான்கு நாள் பட்டறையில் முகமூடிக்குள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் அவர். பொறுமையாகக் கேட்டார்.

“நீங்களா குடுத்தீங்க?”

“இல்ல ஃபாதர். அம்மாதான்.”

“தடுத்தீங்களா?”

“இல்ல.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அக்கா கல்யாணத்தைக் கோவில்ல முறைப்படுத்திடலாமேங்க. அவர் மதம் மாற வேண்டாம். ஒரு விண்ணப்பம், ஆயர் அனுமதி, ரெண்டு சாட்சி, அவ்வளவுதான். இத்தன வருஷமா யாருமே சொல்லலையா?”

சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்பு, என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் மகளுக்கு இதே மாதிரி அனுமதி வாங்கினார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கே அக்கா ஞாபகம் வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எத்தனை தடவை கேட்டுக்கொண்டாலும் சரியான பதில் கிடைக்கவில்லை. அப்பா போன பிறகும் அப்பா சொல் கேட்ட பிள்ளையாக இருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்திருக்கலாம். அக்கா உட்கார்ந்திருந்தால்தான் நான் நிற்பது எடுப்பாகத் தெரியும் என்று உள்ளுக்குள் நினைத்தேனோ என்னவோ. இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கிடைத்தது. பாரம் இறங்கவில்லை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். மாமா கடையில் ஒரு மிக்ஸியைக் கழற்றிப் போட்டிருந்தார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. விஷயத்தைச் சொன்னதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“இவ்வளவுதானா தம்பி? எங்க கையெழுத்துப் போடணும்? அவ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயிட்டு முகம் வாடி வர்றா. நானும் என்னென்னமோ நெனச்சேன். என்னால ஏதும் தோஷமோன்னு...” கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நாங்கள் பேசியதைக் கேட்டு அக்கா வெளியே வந்தாள். தாளை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள்.

“அப்ப இதுவரைக்கும் நாங்க என்னவா இருந்தோம்?”

“அக்கா, இது ஒரு முறைதான்...”

“எம் பொண்ணு காலேஜ் போறா. அவ பொறந்தப்ப எனக்குக் கல்யாணமே ஆகலன்னு நான் கையெழுத்துப் போடணுமா?”

“அப்படில்லாம் அதுல எழுதலையே.”

“எழுதல. அர்த்தம் அதுதானேடா?”

மாமா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக அவள் ஏங்கியது இதற்குத்தானே. கதவைத் திறந்து வைத்தால் வர மாட்டேன் என்கிறாளே.

“அப்ப அன்னிக்கு ஏன் வாங்கின?” என்று கேட்டுவிட்டேன்.

“அம்மா குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்.” தாளை மடித்து என்னிடமே தந்தாள். “காப்பி சாப்பிட்டுப் போ.”

அதற்கு இரண்டு மாதம் கழித்து அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கப் பூசையில் நன்மை கொடுக்க வேண்டாம், உட்காருங்கள் என்றார் ஃபாதர். அம்மாவுக்காக நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். அக்கா எழுந்துவரவில்லை. ஆனால் என் வரிசையில் ஆறேழு பேருக்குப் பின்னால் மாமா வந்துகொண்டிருந்தார். முன்னால் போகிறவர்களைப் பார்த்து, வலது கையின் மேல் இடது கையை வைத்துக்கொண்டார். கையேந்துகிறவர்களுக்கெல்லாம் பிரசாதம் தரும் ஊரில் வளர்ந்தவர். மாமியார் பெயரால் ஏதோ கொடுக்கிறார்கள், வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்.

அவர் முன்னால் வந்து நின்றபோது எனக்கு யோசிக்க நேரம் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவருக்குக் கொடுக்கக்கூடாது. அப்பத்தை எடுக்காமல், அவர் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டேன். சிவப்பு என் விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்து நின்றவருக்கு எந்த விரலால் அப்பத்தை எடுப்பது என்று ஒரு கணம் தடுமாறினேன்.

அக்காவைத் தடுக்காதவன் இவரை எப்படி அத்தனை எளிதாகத் தடுத்தேன்? காரணம் வேறானாலும், கூடாது என்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கல்லறையிலிருந்து திரும்பும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று மாமா பக்கம் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

“அத்தனை பேர்ல எனக்கு மட்டும் தனியா ஆசீர்வாதம் பண்ணீங்களே தம்பி. அத்தைக்கு மனசு குளிர்ந்திருக்கும்.”

பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவிடம் உண்மையைச் சொல்லாதே என்று மட்டும் கண்ணால் சொன்னாள்.

இப்போதும் அவள் ஞாயிறு தவறாமல் வருகிறாள், உட்கார்ந்தே இருக்கிறாள். நான் பார்க்காமல் இருப்பதில்லை. அண்ணனோடு வழக்காடுகிறவர், மருமகளோடு பேசாதவர் என்று எனக்குத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் வரிசையில் வந்து ஆமென் சொல்லி வாங்கிப்போகிறார்கள். அவர்களை நான் ஒன்றும் கேட்பதில்லை. போன வாரம் ஃபாதர், “அக்காகிட்ட இன்னொரு தடவை பேசிப் பாருங்களேன்” என்றார். சரி என்றேன். பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன். வெயில் ஜாஸ்தி, குடை எடுத்துவந்தாயா என்று கேட்டேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.