மயூமி சொல்லிக்கொடுத்த வீடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. பிலிப்பைன்ஸில், எங்கள் இலோய்லோ நகரத்தில், மோலோ பக்கம், பட்டப்பகலில் நடந்தது. மரிவிக் என் சித்தி மகள். இதில் பாதி அவள் சொல்லி எனக்குத் தெரியும். மீதிப் பாதியில் நானும் இருந்தேன். இல்லையென்றால் நானே சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

மரிவிக்கின் கணவன் ரெனாதோ கப்பலில் வேலை பார்க்கிறவன். கல்யாணமான கையோடு கிளம்பிப் போய்விட்டான். நெனிதா என்ற அம்மாள் மாடியில் இருக்க, கீழ் வீட்டில் இவள் வாடகைக்கு இருந்தாள். கொரியாவிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாள். காலையோடு வகுப்பு முடிந்துவிடும். அப்புறம் பொழுது நகராது. எழுந்து நடப்பாள், உட்காருவாள், மடித்த துணியையே மறுபடி மடிப்பாள். வெளியே போகலாமென்றால் விடாத மழை.

அப்போதுதான் அந்த மெய்நிகர் உலகத்தில் சேர்ந்தாள். கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர். நம் பெயரில் ஒரு பொம்மை ஆள் இருக்கும். நாம் சொன்னபடி நடக்கும், பேசும், உட்காரும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு காலி வீடு தருவார்கள். இவளுக்குக் கிடைத்தது ஏரிக்கரையில் ஒரு மர வீடு. அந்தக் கரையில் எப்போதும் சாயங்காலம்தான். இருட்டவும் செய்யாது, விடியவும் செய்யாது.

“எனக்குன்னு முதல் வீடு, மனாங்,” என்று போனில் சிரித்தாள். அக்காவை நாங்கள் மனாங் என்போம். “ரெனாதோ வந்து நிஜமா ஒண்ணு கட்டற வரைக்கும் இதுல குடியிருக்கேன்.”

“கூரை ஒழுகாதே?”

“ஒழுகாது. மாடியில இருந்து கத்தறதுக்கு ஆளும் கிடையாது.”

குடிபோன அன்றே பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். மயூமி என்று பெயர். நீளமான வெள்ளைச் சட்டை போட்ட பொம்மை. முகத்தை மட்டும் இன்னும் வரையாமல் வைத்திருந்தாள். மழமழவென்று இருந்தது. புதிதாக வருகிறவர்கள் பலர் அப்படித்தான் இருப்பார்கள் என்று மரிவிக் நினைத்துக்கொண்டாள்.

மயூமி எழுத்தில்தான் பேசினாள். நல்ல யோசனையாகத்தான் சொன்னாள்.

“முதல்ல சாமான் வாங்கிக் குவிக்காதே. அரிசியும் உப்பும் கொண்டுவந்து அடுப்படியில வை. அப்புறந்தான் மத்ததெல்லாம்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான் செய்வோம்! நீங்க எந்த ஊரு?”

“பக்கந்தான்.”

அடுத்த நாள் இன்னொன்று சொன்னாள். “இதுதான் என் வீடுன்னு குறிச்சு வெச்சுடு. அப்பதான் எங்க போனாலும் நேரா இங்க வந்து சேருவே.”

மரிவிக் குறித்து வைத்தாள்.

“நீ இப்ப இருக்கற வீட்டுல என்னென்ன எங்கெங்க இருக்கோ, அதேமாதிரி இங்கயும் வை. மனசு சீக்கிரம் ஒட்டும்.”

அதுவும் சரியாகவே பட்டது. மஞ்சள் திரைச்சீலை போட்டாள். ஜன்னலோரம் மேசை, அதன் மேல் குழந்தை இயேசு சிலை, பக்கத்தில் நாற்காலி. சாமான்களை நகர்த்த மயூமிக்கும் அனுமதி கொடுத்தாள். தோழிதானே.

மறுநாள் உள்ளே போய்ப் பார்த்தபோது நாற்காலி இடம் மாறியிருந்தது. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, கோணலாக. பின்னங்கால் ஒன்றில் கம்பி சுற்றியிருந்தது.

மரிவிக் மெல்லத் திரும்பித் தன் அறையைப் பார்த்தாள். அங்கே நிஜ நாற்காலி, சுவரிலிருந்து தள்ளி, கோணலாக நின்றது. ஆடுகிறதென்று போன வருடம் அவளே அதன் பின்னங்காலில் கம்பி சுற்றியிருந்தாள்.

அதை யாரிடமும் சொன்னதாக ஞாபகமில்லை...

பேச்சுவாக்கில் சொல்லியிருப்போம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அன்று வேலை ஓடவில்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். பிறகு பழைய இடத்துக்கே இழுத்தாள். மறுபடி ஒட்டிப் போட்டாள்.

ஒரு மத்தியானம், மயூமி முதல்முறையாக மைக்கைத் திறந்தாள்.

பேச்சு வரவில்லை. ஹெட்போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தகரக் கூரையில் விழும் மழை. அப்புறம் பெரிய பல்லி ஒன்று கத்தியது. துக்கோ... துக்கோ...

“உங்க ஊர்லயும் மழையா?” என்றாள் மரிவிக்.

பதிலுக்கு ஒரு கதவு கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து கத்தியது.

“மரிவிக்! துணியெல்லாம் நனையுதுடி!”

நெனிதாவின் குரல்.

மரிவிக் ஹெட்போனைக் கழற்றினாள். அறை அமைதியாக இருந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அப்புறம்தான்... மாடியிலிருந்து நெனிதா கத்தினாள்.

“மரிவிக்! துணியெல்லாம் நனையுதுடி!”

அந்தக் கணமே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மரிவிக் எனக்குப் போன் செய்தாள். நான் திட்டினேன். “தனியா அடைஞ்சு கிடந்தா இப்படித்தான். நாளைக்கு மீன் வாங்க என்கூட மார்க்கெட்டுக்கு வா.”

மறுநாள் கிளம்பும் முன் ஒரே ஒரு நிமிடம் உள்ளே போய்ப் பார்த்தாள். மயூமி எழுதி வைத்திருந்தாள்: “வெளிய போறியா? ஆளில்லாம வீட்டைப் போட்டுட்டுப் போகாதே. பொம்மையை நாற்காலியில உக்காரவெச்சுட்டுப் போ.”

நான் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவசரத்தில் மரிவிக் அப்படியே செய்துவிட்டு வந்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் மார்க்கெட்டில் இருந்த நேரம் முழுக்க அவள் என் பக்கத்திலேயேதான் இருந்தாள். அதற்கு நான் சாட்சி.

திரும்பியதும் நான் தெருமுனையில் பிரிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் உள்ளே போகையில் நெனிதா படியில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி வெளிய போனே? இந்தப் பக்கம் நீ போகவே இல்லையே?”

“காலையிலேயே போயிட்டேனே.”

“என்னடி உளர்றே? இப்பத்தானே வந்து வினிகர் கேட்டேன். நீதானே எடுத்துக் கொடுத்தே?” நெனிதா அவளை உற்றுப் பார்த்தாள். “வாயைத் திறக்காம கொடுத்தியே, உடம்புக்கு ஏதாவதா? கை சில்லுன்னு இருந்துச்சு.”

மரிவிக் கதவருகே போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். அறையில் யாரும் இல்லை.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் ஏரிக்கரை வீடு. நாற்காலி காலி. அவளுடைய பொம்மை ஜன்னலருகே நின்றது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, வெளியே பார்த்தபடி.

வெளியே அல்ல... அவளைப் பார்த்தபடி.

பக்கத்தில் மயூமியின் வீடு இல்லை. வெறும் புல்தரை.

கீழே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தது.

“உன் வீடு எனக்கு நல்லா ஒட்டிடுச்சு. இனி நீ அந்த ஏரிக்கரையிலயே இருந்துக்கோ.”

அடுப்படியில் அரிசி களையும் சத்தம்.

சளக்... சளக்...

மரிவிக் ஓடினாள்.

செருப்பில்லாமல், போனில்லாமல், மழையில் என் வீட்டுக்கு வந்து விழுந்தாள். மறுநாள் காலை நான் மட்டும் போய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். மாடியிலிருந்து நெனிதா எட்டிப் பார்த்தாள்.

“எதுக்கு எழுப்பறே? பாவம், இப்பத்தான் படுத்தா. நேத்து பூரா வீட்டைத் துடைச்சுக்கிட்டே இருந்தா.”

கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ரெனாதோ வரும்வரை அந்தப் பக்கமே நான் போகவில்லை. போலீஸிடம் என்னவென்று சொல்வது? பாதிரியாரை அழைத்துப் போகலாம் என்றேன். மரிவிக் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேணாம் மனாங், வேணாம்,” என்றாள்.

வீடு மாறிவிட்டேன், பழைய நம்பருக்குப் பேசாதே என்று ரெனாதோவுக்கு என் போனிலிருந்து செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. நடுக்கடலில் அது வழக்கம்தான். அவன் ஊர் திரும்பும் மாதம் வந்ததும் அவனுடைய உள்ளூர் நம்பரைத் தினமும் அழைத்துப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் மணி அடித்தது.

“ரெனாதோ! வந்துட்டியா? எங்க இருக்கே?”

“யாரு?”

“நான்தான். மரிவிக்.”

“என் பொண்டாட்டி அடுப்படியில இருக்கா,” என்றான். “நீ கூப்பிடுவேன்னு அப்பவே சொன்னா.”

போன் கட்டானது.

டிரைசிக்கிள் ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் பழைய வீட்டுக்குப் பறந்தோம். கதவு திறந்திருந்தது. ரெனாதோ சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே இரண்டு தட்டு. வாசலில் மரிவிக்கைப் பார்த்ததும் எழுந்தான். அடுப்படியைப் பார்த்தான். மறுபடி இவளைப் பார்த்தான்.

“நீ... எந்த வழியா வெளிய போனே?”

நான் அடுப்படிக்குப் போனேன். யாருமில்லை. பின்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அடுப்பில் பன்றிக்கறியும் துவரையும் பலாக்காயும் கொதித்துக்கொண்டிருந்தது. ரெனாதோவுக்குப் பிடித்த குழம்பு. கரண்டி இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றோடு அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். இப்போது என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். அந்த மெய்நிகர் உலகத்திலிருந்து மரிவிக் விலகிவிட்டாள். மயூமி யாரென்று கேட்டு அதை நடத்துகிறவர்களுக்கு எழுதினோம். அந்தப் பெயரில் அந்தக் கரையில் யாரும் குடியிருந்ததில்லை என்று பதில் வந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மரிவிக் கோயிலுக்குப் போயிருந்தாள். ரெனாதோ என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

“ஏர்போர்ட்ல இருந்து அவதான் என்னைக் கூட்டிட்டு வந்தா, மனாங். வழியில சொன்னா, இப்பல்லாம் குரலைக் காப்பியடிச்சு ஏமாத்தறாங்க, எவளாவது நான்தான் மரிவிக்னு போன் பண்ணுவா, நம்பாதேன்னா. சந்தேகமா இருந்தா இப்பவே என்னைக் கேட்டுப் பாருன்னு சிரிச்சா. நானும் விளையாட்டாக் கேட்டேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமா.”

“சரி...”

“அன்னிக்கு ராத்திரி இவகிட்டயும் அதையே கேட்டேன்.”

“சரியாச் சொன்னாளா?”

கேட் திறக்கும் சத்தம். மரிவிக் குடையை மடக்கியபடி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ரெனாதோவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, உதடு அதிகம் அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“அவ எல்லாத்துக்கும் சரியாச் சொன்னா, மனாங். இவதான் ரெண்டு தப்பாச் சொன்னா.”