இங்கரம்மா வீட்டுப் பகல் பூட்டு

தாயாரம்மாளுக்குக் காக்கி என்றாலே ஆகாது. போலீசை விடுங்கள், தபால்காரர் வந்து சைக்கிளை நிறுத்தினால்கூட அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். சின்ன வயசில் அவள் அப்பனை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய், நடக்க முடியாமல் அடித்துத் திருப்பி அனுப்பினதைக் கண்ணால் பார்த்தவள். பயம் வராமல் என்ன செய்யும்? வாக்கப்பட்டதோ சின்னப்பையனுக்கு. அந்த ஆள் வாயைத் திறந்தால் படப்பை பஜார் வரைக்கும் கேட்கும்.

ஒரகடம் போகிற ரோட்டோரம் காலனி, காலனியை ஒட்டி மிஷன் வீடு. அங்கே டென்மார்க்கிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தர் ரொம்ப வருஷமாக இருந்தார். இங்கர் என்று பேர். காலனிக்கு இங்கரம்மா. வாத்தியார் வைத்துத் தமிழ் படித்தவர், அதனால் பிரசங்கம் மாதிரியே பேசுவார். அவருக்குச் சமைப்பது, துவைப்பது, மருந்துக்கு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது எல்லாம் தாயாரம்மாள்தான்.

இன்னொரு வேலையும் உண்டு, அது ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா உள்ளே படுத்துக்கொள்வார். தாயாரம்மாள் வெளியே பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். பூட்டைப் பார்த்தால், 'அம்மா செங்கல்பட்டு போய்ட்டாங்க போல' என்று வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் அந்த மனுஷிக்கு ஏது தூக்கம்? பூட்டு தொங்குகிறபோது யார் தட்டினாலும் உள்ளேயிருந்து குரல் கொடுக்கக் கூடாது என்பது பேச்சு.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் நிலத் தகராறு முற்றியது. ஏரிக்குக் கீழே இருந்தது பஞ்சமி நிலம். அந்தக் காலத்து சர்க்கார் சேரி ஜனங்களுக்கென்று கொடுத்தது, வேறு யாரும் வாங்கவே கூடாது. ஆனால் எப்படியோ கை மாறி, கடைசியில் பிளாட் போடுகிறவன் ஒருத்தன் வந்து வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டிவிட்டான். காலனி ஜனம் சும்மா இருக்குமா? கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குடிசை போட்டார்கள். முதல் குடிசை சின்னப்பையனுடையது.

ஒரு நாள் காலையில் இன்ஸ்பெக்டர் மிஷன் வீட்டுக்கே வந்துவிட்டார். தாயாரம்மாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் சொன்னது காதில் விழுந்தது: "மேடம், உள்ள உக்காந்து மருந்து குடுங்க, யாரும் கேக்கமாட்டாங்க. காம்பவுண்டைத் தாண்டி இந்த விவகாரத்துல கால வச்சீங்கன்னா, விசாவை கேன்சல் பண்ணி பிளேன் ஏத்திடுவாங்க. வெள்ளைக்காரி தூண்டிவிட்டுத்தான் கலாட்டான்னு கேஸ் எழுதுனா, இந்த ஜனம் மொத்தமும் உள்ள போகும்."

அவர் போன பிறகு இங்கரம்மா கேட்டைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்தார். அப்புறம் சொன்னார்: "தாயாரம்மா, நாளைக்கு மத்தியானம் நானும் உங்கள் வயலுக்கு வருகிறேன். பெண்களோடு உட்காருவேன்."

"ஐயய்யோ, வாணாம்மா! நீங்க வந்தா எங்க வூட்டாள புடிச்சிகினு பூடுவாங்க. உங்களையும் அனுப்பிடுவாங்க. அப்பறம் எங்களுக்கு யாருகீறாங்க?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். சரி என்கிறாரா, வருவேன் என்கிறாரா, ஒன்றும் விளங்கவில்லை. அதுதான் தாயாரம்மாளைப் படுத்தி எடுத்தது. மறுநாள் சமைக்கையில் அவள் கண்ணெல்லாம் பூட்டு மேலேயே இருந்தது. இங்கரம்மா சாப்பிட்டுவிட்டு உள்ளே போனதுதான் தாமதம், பூட்டை இழுத்து மாட்டினாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம். இன்று சாயந்திரம்வரைக்கும் திறப்பதில்லை, ஆனது ஆகட்டும்.

புருஷனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஏரிக்கரை ஏறினாள். எதிரே போலீஸ் வேன். அவ்வளவுதான், கஞ்சியைப் போட்டுவிட்டு வேலிகாத்தான் புதருக்குள் பூந்துகொண்டாள். முள் குத்தினதுகூடத் தெரியவில்லை. குடிசைகளைச் சாய்க்கிறார்கள், பக்கத்து வீட்டு மரகதம் மண்ணை வாரித் தூற்றுகிறாள், சின்னப்பையன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறான். லத்தி இறங்கியது. மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான்.

காலனிப் பையன்கள் ரகுபதியும் சுப்பிரமணியும் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மிஷன் வீட்டுப் பக்கம். அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. அப்பாடா, இங்கரம்மா இருக்காங்க, பார்த்துக்குவாங்க.

அப்புறம்தான் சாவி இடுப்பில் உறுத்தியது.

அன்றைக்கு எந்தச் சாமி அவள் காலுக்குள் புகுந்ததோ! போலீஸ்காரர்கள் நடுவிலேயே ஓடினாள். ஒருத்தர் முந்தானையைப் பிடித்தார். கிழிந்தால் கிழியட்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடினாள். போய்ப் பார்த்தால் வாசல் வெறிச்சோடிக் கிடக்கிறது. படியில் ரத்தம். கதவிலும் ரத்தக் கை பதிந்திருக்கிறது. தூக்கி வந்தவர்கள் தட்டிப் பார்த்து, பூட்டைப் பார்த்து, ரோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். சாவி பூட்டுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. "மாதாவே, மாதாவே" என்று அழுதுகொண்டே திறந்தாள்.

இங்கரம்மா கட்டிலில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். "எங்க வூட்டாளும்மா!" என்றதும் பெட்டியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார். கேட்டைத் தாண்டி, ரோட்டில், வண்டிக்குக் காத்துக் கிடந்தவன் பக்கத்தில் மண்டி போட்டார். எல்லாப் போலீசும் பார்க்க, அவன் தலையை மடியில் வைத்துக் கட்டுப் போட்டார். இன்ஸ்பெக்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கிட்டே வரவில்லை. அம்மா காம்பவுண்டைத் தாண்டிவிட்டார், அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சின்னப்பையன் பிழைத்தான். ஒரு காது மந்தமானது. குடிசை போச்சு, நிலம் கோர்ட்டுக்குப் போச்சு. இங்கரம்மாவை ஊருக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது.

கிளம்புகிற அன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு போக வேன் வந்து நின்றது. தாயாரம்மாள் கேட்டுக்கு வெளியேகூடப் போகவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் தேடி வந்தார்.

"என்னாலதாம்மா. பூட்டாம இருந்தா உள்ளயே கட்டு போட்டுருப்பீங்க. ரோட்டுக்கு வந்திருக்கவே மாட்டீங்க."

இங்கரம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தாயாரம்மா, அவர்கள் தட்டியது எனக்குக் கேட்டது."

"கேட்டுச்சா?"

"போலீஸ் என்று நினைத்தேன். பிறகு சுப்பிரமணியின் குரல் தெரிந்தது. அப்போதும் நான் ஜன்னலுக்கு வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அன்று நீங்கள் பூட்டிய சத்தம் கேட்டபோது, இனி வயலுக்குப் போக வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன்."

தாயாரம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் வந்தது. தாங்க முடியாத கோபம். அடிபட்டவன் அவள் புருஷன் அல்லவா? வாயைத் திறந்தாள், ஆனால் அம்மாவின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டாள். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியாததா என்ன?

கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயமா கீதுன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? நானும் பயந்துகினுதான் இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா பயந்திருப்போமே."