மூன்று வருட விதி

ஸ்பானிஷ் வணிக ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஒருமுறை ஒரு குடும்ப நிறுவனத்தின் வாரிசு விதிகள் வந்தன. பொறுப்புக்கு வர விரும்பும் பிள்ளை முதலில் மூன்று வருடமாவது வெளியாரிடம் வேலை பார்த்திருக்க வேண்டுமாம்.

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் அப்பாவிடம் சாப்பிடும்போது சொன்னேன். "நல்ல ரூலாத்தான் இருக்குது," என்றார்.

"தம்பி காலேஜ் முடிச்சதுலேர்ந்து நம்ம கடையிலயேதான் உக்காந்துகினு இருக்கான். வெளியாளுங்களுக்கு ஆறு வருஷமா வேலை பாக்கறது நான்தாம்பா."

"அதெல்லாம் அவங்க ஊருக்கு. நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ."

அந்த விதியைத் தமிழில் எழுதி, மறுநாள் காலை கடையின் கல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அப்பா வந்து படித்து முடிக்கும்வரை கல்லா நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை. படித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.